கருவி நெஞ்சில், பீம் இடுப்பில்: ஐசிடி உள்ளவருக்கு 18 எம்வி கொடுக்கலாமா?

பீம்ஆன் | பதிவு 1

திட்டமிடல் மேசையில் திரும்பத் திரும்ப வரும் ஒரு சூழலை இங்கே வைக்கிறேன். புராஸ்டேட் புற்றுநோய்க்குக் கதிர் சிகிச்சை, 39 ஃபிராக்ஷனில் (தவணையில்) 78 கிரே (கதிர் அளவின் அலகு). நோயாளியின் இடது காறை எலும்புக்குக் கீழே ஐசிடி, அதாவது ஆபத்தான இதயத் துடிப்பை மின் அதிர்ச்சியால் சரிசெய்யும் கருவி. உடல் பருமன் அதிகம் என்பதால் 18 எம்வியில் (மெகாவோல்ட், கதிரின் ஆற்றல்) பிளான் போடப்பட்டிருக்கிறது. ஃபீல்டு (கதிர் விழும் பரப்பு) விளிம்பிலிருந்து கருவி ஏறக்குறைய 40 செ.மீ. தள்ளி இருக்கிறது. டிபிஎஸ்ஸில் (சிகிச்சைத் திட்டமிடும் மென்பொருள்) கருவிக்கு வரும் டோஸ் பூஜ்யம். "2 கிரேக்குக் கீழே இருக்கிறது, ஒன்றும் செய்ய வேண்டாம்" என்பதுதான் பொதுவாக வரும் பதில். இது சரியா? காந்தம் வைத்தால் போதும் என்று ஒரு தரப்பு, கருவியின் மேல் ஈய ஏப்ரன் போட்டால் போதும் என்று இன்னொரு தரப்பு. இயற்பியலர்களும் இதயக் கருவி கிளினிக்கில் இருப்பவர்களும் பதில் சொன்னால் உதவியாக இருக்கும்.

பத்தாம்மதிப்பு | பதிவு 2

சரியில்லை. 18 எம்வியில் போட்ட அந்த பிளானை அப்படியே ஓட்டக் கூடாது.

2 கிரே என்ற எண் 1994இல் அமெரிக்க மருத்துவ இயற்பியலர் சங்கமான ஏஏபிஎம் வெளியிட்ட டிஜி-34 அறிக்கையிலிருந்து வந்தது. அது சேர்ந்துகொண்டே போகும் ஃபோட்டான் டோஸுக்கான எல்லை. சிப்பின் ஆக்சைடு படலத்தில் மின்னூட்டம் மெல்ல மெல்லச் சிக்கி, கசிவு மின்னோட்டம் கூடி, பேட்டரி சீக்கிரம் தீர்வது, அவுட்புட் மாறுவது போன்ற கோளாறுகள் வருமே, அவற்றைக் கணக்கில் வைத்துப் போட்ட கோடு. நியூட்ரான் விவகாரம் அந்தக் கோட்டுக்குள் அடங்காது.

10 எம்விக்கு மேல் போனால் லினாக் (கதிர் இயந்திரம்) தலைப்பகுதியில் உள்ள டங்ஸ்டன், ஈயம் ஆகியவற்றின் அணுக்கருவை ஃபோட்டான் தட்டி நியூட்ரானை வெளியே தள்ளுகிறது. ஃபோட்டானைப் போல அது ஃபீல்டுக்குள் அடங்கி நிற்காது. நாலாபக்கமும் பாய்ந்து, சுவரில் மோதித் திரும்பி, வேகம் குறைந்து, அறை முழுக்க வெப்ப நியூட்ரானாக நிரம்பிவிடும். 40 செ.மீ. தூரம் ஃபோட்டானுக்குப் பெரிய பாதுகாப்பு. நியூட்ரானுக்கு அது பெரிய தூரமே இல்லை.

கருவிக்குள் நடப்பது இதுதான். பல சிப்களில் போரான் கலந்த கண்ணாடிப் படலம் காப்பாகப் பயன்பட்டிருக்கிறது. இயற்கைப் போரானில் ஐந்தில் ஒரு பங்கு போரான்-10. வெப்ப நியூட்ரானை விழுங்குவதில் அதற்கு ஈடாக நிற்கும் அணுக்கள் மிகக் குறைவு. விழுங்கியதும் உடைந்து ஆல்ஃபா துகளாகவும் லித்தியமாகவும் சிதறும். அந்தச் சிதறல் நினைவகத்தில் ஒரே ஒரு பிட்டைப் புரட்டிப் போட்டால் போதும், 0 இருந்த இடத்தில் 1 வந்துவிடும். கருவி தன்னைத் தானே சோதிக்கும்போது கணக்கு இடிக்கும். உடனே ரீசெட் ஆகி, தொழிற்சாலை வைத்த பாதுகாப்பு நிலைக்குப் போய்விடும். இதற்கு 2 கிரே தேவையே இல்லை. முதல் ஃபிராக்ஷனிலேயே நடக்கலாம்.

2015இல் வெளியான ஆய்வு ஒன்று 215 நோயாளிகளுக்குக் கொடுத்த 249 சிகிச்சைச் சுற்றுகளை எடுத்துப் பார்த்தது. நினைவகப் பிழைகள் அத்தனையும் நியூட்ரான் உண்டாக்கும் சிகிச்சையில்தான் வந்திருந்தன. அந்த வகைச் சுற்றுகளில் 21 சதவீதம். பேஸ்மேக்கரை மட்டும் பார்த்தால் 10, ஐசிடியை மட்டும் பார்த்தால் 34. பதிவு 1இல் இருப்பது ஐசிடி, 18 எம்வி. அந்த எண்களில் மிக மோசமான மூலை அதுதான்.

செய்ய வேண்டியது எளிது. 6 எம்வி விமேட்டுக்கு (இயந்திரம் சுற்றியபடியே கதிர் கொடுக்கும் முறை) மாற்றுங்கள். பருமனான உடலிலும் இரண்டு முழு ஆர்க் (சுற்று) வைத்தால் பெரும்பாலும் கவரேஜ் கிடைத்துவிடும். எம்யூ (இயந்திரம் வெளியிடும் கதிரின் அளவு) கூடுமே, கசிவும் கூடுமே என்று தயங்குவார்கள். கணக்குப் போட்டுவிடுவோம். தலைப்பகுதிக் கசிவுக்கு அனுமதிக்கப்பட்ட உச்சம் 0.1 சதவீதம். விமேட்டில் எம்யூ மூன்று மடங்கு என்றே வைத்துக்கொள்வோம். 78 × 3 × 0.001 = 0.23 கிரே. இது மேல் எல்லை, நிஜத்தில் இன்னும் குறையும். இந்தச் சிறு கசிவுக்குப் பயந்து நியூட்ரானை வரவேற்பது நியாயமே இல்லை.

ஈசிஜிதாள் | பதிவு 3

கருவி கிளினிக் பக்கத்திலிருந்து. ரீசெட் என்றால் கருவி நின்றுவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். நிற்காது. வேறொரு கருவியாக மாறிவிடும். பெரும்பாலும் விவிஐ முறை (கீழறை ஒன்றை மட்டும் தூண்டும் எளிய முறை), நிமிடத்துக்கு 60 முதல் 70க்குள் ஒரு நிலையான வேகம், உச்ச அவுட்புட். சில மாடல்கள் யூனிபோலாருக்கு, அதாவது பெட்டியே ஒரு மின்முனையாகும் முறைக்கு, போகும். அப்போது பெட்டியைச் சுற்றியுள்ள நெஞ்சுத் தசை ஒவ்வொரு துடிப்புக்கும் வெட்டி வெட்டித் துள்ளும். "தோளுக்குக் கீழே துடிக்குது" என்று நோயாளி சொன்னால் அதைத் தசைப்பிடிப்பு என்று ஒதுக்காதீர்கள்.

மூன்று அறைக் கருவி, அதாவது இரு கீழறைகளையும் ஒத்துத் துடிக்க வைக்கும் சிஆர்டி உள்ளவரின் நிலைதான் கவலைக்குரியது. ரீசெட்டில் இடது வென்ட்ரிக்கிள் (கீழறை) பேசிங் (மின்தூண்டல்) நின்று வலது பக்கம் மட்டும் ஓடக்கூடும். மயக்கமும் வராது, அலாரமும் கேட்காது. சில நாட்களில் மூச்சிரைப்பும் கால் வீக்கமும் வரும். வார்டில் அதைக் கீமோவின் பக்கவிளைவு என்றோ, சோர்வு என்றோ எழுதிவிடுவார்கள்.

ஐசிடி ரீசெட் ஆனால் அதிர்ச்சி கொடுக்கும் திறன் பெரும்பாலும் இருக்கும். ஆனால் அந்த நோயாளிக்கென்று அளந்து வைத்த வேக எல்லைகள் போய், பொது அமைப்பு வந்துவிடும். தேவையில்லாத நேரத்தில் அடிக்கலாம்.

காந்தம் பற்றி. அது ரீசெட்டைத் தடுக்காது. இதைப் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டி வைக்க வேண்டும். பேஸ்மேக்கரில் காந்தம் வைத்தால் உணர்தல் நின்று, நிலையான வேகத்தில் பேசிங் ஓடும். ஐசிடியில் வைத்தால் அதிர்ச்சி சிகிச்சை மட்டும் நிறுத்தி வைக்கப்படும், பேசிங் முறை மாறாது. இரண்டையும் ஒன்றாக நினைத்துக் குழம்புகிறவர்கள் நிறைய. முழுக்கப் பேசிங்கைச் சார்ந்திருக்கும் ஐசிடி நோயாளிக்குக் காந்தத்தை வைத்துவிட்டு "இப்போது நிலையான பேசிங் ஓடும்" என்று நம்பினால் அந்த நம்பிக்கை பொய். அவருக்கு அது வேண்டுமென்றால் கருவியின் அமைப்பை மாற்றும் புரோகிராமர் கணினியில்தான் மாற்ற வேண்டும். சில மாடல்களில் காந்தத்துக்கான பதிலையே அணைத்து வைக்கலாம். சிலவற்றில் பத்துத் துடிப்பு மட்டும் ஓடி, பிறகு பழைய நிலைக்குத் திரும்பிவிடும். கருவி கிளினிக்கைக் கேட்காமல் காந்தத்தை நம்பக் கூடாது.

பத்தாம்மதிப்பு | பதிவு 4

ஈய ஏப்ரன் விட்டுப்போனது. 0.5 மி.மீ. ஈயம் கேவி (குறைந்த ஆற்றல்) எக்ஸ்ரேவுக்கானது. லினாக் கசிவின் ஆற்றலில் கதிரைப் பாதியாக்கவே 1 செ.மீ.க்கு மேல் ஈயம் வேண்டும். 0.5 மி.மீ. தடுப்பது மூன்று சதவீதம் போல. உடலுக்குள்ளேயே சிதறி வருவதை வெளியே போட்ட ஈயம் எப்படித் தடுக்கும்? நியூட்ரானுக்கோ ஈயம் ஏறக்குறைய இல்லாதது போலத்தான். போட்டதால் எல்லோருக்கும் "பாதுகாப்புச் செய்துவிட்டோம்" என்ற எண்ணம் வந்துவிடுகிறது. அந்த எண்ணம்தான் ஆபத்து.

கான்டூர்கோடு | பதிவு 5

புற்றுநோய் மருத்துவர் பக்கத்திலிருந்து ஒரு எதிர்க்கருத்து. எல்லா மையத்திலும் விமேட் இல்லை. 15 எம்வியும் நிலையான கோணங்களிலிருந்து கொடுக்கும் 3டி திட்டமும்தான் இருக்கிறது என்றால் சிகிச்சையையே மறுத்துவிட முடியாது. ஹார்ட் ரிதம் சொசைட்டியின் 2017 ஒருமித்த அறிக்கையும் நியூட்ரான் இல்லாத சிகிச்சைக்கு முன்னுரிமை கொடுக்கச் சொல்கிறதே தவிர, உயர் ஆற்றலைத் தடை செய்யவில்லை. கொடுத்தே ஆக வேண்டுமானால் வாரம் ஒருமுறை கருவியை முழுமையாகச் சோதிக்கச் சொல்கிறது. 15 எம்வி + வாராந்திரச் சோதனை என்பது ஏற்கத்தக்க பாதைதான்.

பத்தாம்மதிப்பு | பதிவு 6

மேடம், வழி இல்லாத இடத்தில் அது சரி. வழி இருந்தும் பழக்கத்தால் 15ஐ எடுப்பதைத்தான் சொல்கிறேன். 3டியிலும் 6 எம்வியில் நாலு ஃபீல்டுக்குப் பதில் ஆறு ஃபீல்டு வைத்து முயன்று பாருங்கள். தோலடி டோஸ் கொஞ்சம் கூடும், அவ்வளவுதான். 10 எம்வி இருந்தால் அதுவும் நல்ல நடுவழி. அதில் உண்டாகும் நியூட்ரான் மிகக் குறைவு.

புரோட்டானையும் இந்தக் கணக்கில் சேர்த்துவிடுங்கள். பென்சில் பீமில் (மெல்லிய கற்றை) இயந்திரத் தலைப்பகுதி நியூட்ரான் குறையும், ஆனால் உடலுக்குள் உண்டாவது இருக்கவே செய்யும். நியூட்ரான் உண்டாக்கும் சிகிச்சை என்றே வைத்து நடத்த வேண்டும். இரிடியம்-192 வைத்துச் செய்யும் பிராக்கிதெரபியில் (கதிர்மூலத்தை உடலுக்குள் வைக்கும் சிகிச்சை) இந்தப் பிரச்சினை இல்லை.

வார்டுவிளக்கு | பதிவு 7

நுரையீரல், மார்பகம் போல கருவிக்குப் பக்கத்திலேயே ஃபீல்டு வரும் நோயாளிகளுக்கு எப்படி? அங்கே நியூட்ரானைவிட டோஸ்தானே முதல் கேள்வி? இடது மேல் மடல் நுரையீரல், 60 கிரே 30 ஃபிராக்ஷன், இடது பக்க பேஸ்மேக்கர். இதை ஒரு மாதிரியாக எடுத்து விளக்க முடியுமா?

பத்தாம்மதிப்பு | பதிவு 8

நல்ல மாதிரி. சிமுலேஷனிலிருந்து (திட்டமிடலுக்கு சிடி எடுக்கும் கட்டம்) ஆரம்பிக்கிறேன்.

கைகளைத் தலைக்கு மேல் தூக்கினால் பெட்டி தோலோடு சேர்ந்து நகரும். எனவே சிகிச்சை எந்த நிலையிலோ அதே நிலையில் எடுத்த சிடியில்தான் கருவியைக் குறிக்க வேண்டும். பழைய நோயறிதல் சிடியில் தூரத்தை அளந்து திருப்தி அடையாதீர்கள். மூச்சின் அசைவையும் பதியும் 4டிசிடி எடுக்கும்போது டேபிள் மெதுவாக நகர்வதால் பெட்டியின் மேல் கதிர் நேராக நிற்கும் நேரம் கூடுகிறது. அந்தச் சில நொடிகளில் கருவி அதை இதயத் துடிப்பு என்று தவறாக எடுத்துக்கொண்டு பேசிங்கை நிறுத்தி வைக்கலாம். முழுக்கச் சார்ந்திருப்பவர் என்றால் பல்ஸ் ஆக்சிமீட்டர் விரலில் இருக்கட்டும், ஒருவர் அலையைப் பார்த்துக்கொண்டே இருக்கட்டும்.

கான்டூர் (எல்லைக்கோடு) போடும்போது உலோகச் சிதறல் கோடுகள் பெட்டியைப் பெரிதாக்கிக் காட்டும். விண்டோவை (படத்தின் கருமை-வெண்மை வரம்பு) அகலமாக வைத்துப் பெட்டியை மட்டும் வரையுங்கள். இதயத்துக்குப் போகும் லீட் கம்பிகளைத் தனியாக வரையுங்கள். கம்பியில் மின்னணுச் சுற்று இல்லை, அது ஃபீல்டுக்குள் போனால் கம்பிக்குக் கெடுதி இல்லை. கம்பி ஃபீல்டுக்குள் இருப்பதைப் பார்த்துவிட்டுப் பிளானையே சிதைக்க வேண்டாம்.

பீம் எதுவும் பெட்டியின் வழியாக நுழையவோ வெளியேறவோ கூடாது. ஆர்க்கில் அந்தக் கோணங்களை அவாய்டன்ஸ் செக்டராக (கதிர் நிற்கும் பகுதி) விடுங்கள். கதிருக்கு எல்லை கட்டும் கொலிமேட்டரைத் திருப்பி ஜா (உலோகத் தடுப்பு) விளிம்பு கருவிப் பக்கம் வருமாறு பாருங்கள், ஜா டிராக்கிங் இருந்தால் போடுங்கள்.

இப்போது எண். 6 எம்வியில், நடுத்தர அளவு ஃபீல்டுக்கு, விளிம்பிலிருந்து 10 செ.மீ. தள்ளி டோஸ் ஏறக்குறைய 1 சதவீதம் அல்லது அதற்கும் கீழே. 60 கிரேக்கு 0.6 கிரே. 3 செ.மீ.க்கு வந்துவிட்டால் 3 முதல் 5 சதவீதம், அதாவது 2 முதல் 3 கிரே. பார்த்தீர்களா, ஏழு செ.மீ. வித்தியாசத்தில் நோயாளி வேறு வகைக்குள் போய்விடுகிறார்.

இந்த இடத்தில் டிபிஎஸ்ஸை அப்படியே நம்பாதீர்கள். ஃபீல்டுக்கு வெளியே சில செ.மீ. தாண்டினால் அது குறைத்துக் காட்டும். 40 சதவீத அளவுக்குக் குறைவு என்பது அளந்து பதிவான விஷயம், தூரம் கூடக் கூட இன்னும் மோசம். டிபிஎஸ் 1.5 என்று காட்டினால் அதை 2.5 என்று மனதில் வைத்துக்கொண்டு அளந்து பாருங்கள்.

பீம்ஆன் | பதிவு 9

அளப்பது எப்படி சார்? டோசிமீட்டரைத் தோலின் மேல் ஒட்டினால் போதுமா?

பத்தாம்மதிப்பு | பதிவு 10

போதாது. ஃபீல்டுக்கு வெளியே தோல் பரப்பில் சிதறிவரும் எலக்ட்ரான்களால் அளவு செயற்கையாக உயர்ந்து வரும். பெட்டி தோலுக்குச் சற்றுக் கீழேதான் இருக்கிறது. எனவே 1 செ.மீ. போலஸ் (திசு போன்ற அடர்த்தியுள்ள தகடு), அதன் அடியில் டிஎல்டி அல்லது ஓஎஸ்எல்டி (சிறு டோசிமீட்டர் வகைகள்). மூன்று வைக்கிறது நல்லது. பெட்டியின் நடுவில் ஒன்று, ஃபீல்டைப் பார்த்த விளிம்பில் ஒன்று, எதிர் விளிம்பில் ஒன்று. ஃபீல்டுப் பக்க விளிம்புக்கும் எதிர் விளிம்புக்கும் இரண்டு மடங்குகூட வித்தியாசம் வரும். பதிவில் எழுத வேண்டியது ஃபீல்டுப் பக்க அளவு, சராசரி அல்ல.

முதல் ஃபிராக்ஷனில் அளந்து 30ஆல் பெருக்குங்கள். நடுவில் ரீபிளான் நடந்தால் பழைய அளவீடு செல்லாது, மறுபடி அளக்க வேண்டும். இது அடிக்கடி விட்டுப்போகும் இடம்.

15, 18 எம்வியில் ஓஎஸ்எல்டி சிறிய எண்ணைக் காட்டினால் நிம்மதி அடையாதீர்கள். அதற்கு நியூட்ரான் தெரியாது.

ஈசிஜிதாள் | பதிவு 11

டோஸோடு சேர்த்துப் பார்க்க வேண்டிய இன்னொன்று, நோயாளி பேசிங்கை எவ்வளவு சார்ந்திருக்கிறார் என்பது. கருவி அறிக்கையில் "வென்ட்ரிக்கிள் பேசிங் 98 சதவீதம்" என்று இருந்தால் சார்ந்தவர் என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். தப்பு. சிஆர்டியில் 98 சதவீதம் என்பது நாங்கள் வேண்டுமென்றே வைப்பது. அடியில் அவருடைய சொந்தத் துடிப்பு நன்றாகவே இருக்கலாம். மாறாக, ஏவி நோடை (மேலறைக்கும் கீழறைக்கும் இடையிலான மின்பாதை) அப்லேஷன் செய்து அழித்தவர் முழுக்க முழுக்கக் கருவியை நம்பி இருப்பவர். புரோகிராமரில் வேகத்தைப் படிப்படியாக 40, 30 என்று இறக்கி, அடியில் என்ன துடிப்பு வருகிறது என்று பார்த்தால்தான் விடை தெரியும். அந்த ஈசிஜி துண்டை ரேடியேஷன் ஃபைலில் ஒட்டி அனுப்பச் சொல்லிக் கேளுங்கள். "பேஸ்மேக்கர் சரியாக உள்ளது" என்ற ஒரு வரிச் சீட்டு எதற்கும் உதவாது.

எங்களுக்கு நீங்கள் அனுப்ப வேண்டியது நான்கு விவரம்: உடலின் எந்தப் பகுதி, எந்த ஆற்றல், எத்தனை ஃபிராக்ஷன், கருவிக்கு மதிப்பிட்ட டோஸ். "ரேடியேஷனுக்கு ஃபிட்னஸ் தரவும்" என்று மட்டும் எழுதினால் நாங்களும் ஒரு வரிச் சீட்டைத்தான் தர முடியும்.

கான்டூர்கோடு | பதிவு 12

வகைப்படுத்துவதை நான் சொல்கிறேன். 2019இல் வந்த ஏஏபிஎம் டிஜி-203 அடிப்படையில் 2 கிரேக்குக் கீழே தாழ்ந்த அபாயம், 2 முதல் 5 நடுத்தரம், 5க்கு மேல் அல்லது நியூட்ரான் இருந்தால் உயர்ந்த அபாயம். முழுக்கச் சார்ந்திருப்பவரை நான் ஒரு படி மேலே வைத்தே நடத்துவேன்.

தாழ்ந்த வகைக்கு ஆரம்பத்திலும் முடிவிலும் சோதனை. நடுத்தரத்துக்கு இடையில் ஒருமுறை கூடுதலாக. உயர்ந்த வகைக்கு வாராவாரம், அதோடு சிகிச்சை நேரத்தில் ஈசிஜி மானிட்டர், வெளியிலிருந்து பேசிங் செய்யும் வசதியுள்ள டிஃபிப்ரிலேட்டர் அறை வாசலில், அதை இயக்கத் தெரிந்தவர் கூப்பிடும் தூரத்தில். எல்லா வகைக்கும் கேமராவும் பேச்சொலியும் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும்.

5 கிரேக்கு மேல் போகும் என்றால் உடனே கருவியை இடம் மாற்றச் சொல்லாதீர்கள். முதலில் பிளானை மாற்ற முடியுமா என்று பாருங்கள். இடமாற்றம் என்பது இன்னொரு அறுவை. பழைய பையைத் திறப்பதால் தொற்று வரும் வாய்ப்பு முதல் அறுவையைவிட அதிகம். கீமோவில் வெள்ளணு குறைந்திருக்கும் நோயாளிக்கு அது உயிரோடு விளையாடுவது. காயம் ஆறும் வரை ரேடியேஷனும் தள்ளிப்போகும். கட்டியே பெட்டிக்கு அடியில் இருந்து, பெட்டியைக் காப்பாற்றினால் கட்டிக்கு டோஸ் போகாது என்ற நிலையில்தான் இடமாற்றம். 5 கிரேக்குக் கீழே இருக்கும்போது அது தேவையில்லை என்று 2017 அறிக்கையே சொல்கிறது.

கருவியைக் காப்பாற்றப் போய்க் கட்டியின் ஓரத்தில் டோஸை வெட்டிவிடுவதும் நடக்கிறது. பெட்டியை மாற்றிக்கொள்ளலாம். விட்டுப்போன கட்டி ஓரத்துக்கு இரண்டாவது வாய்ப்புக் கிடைக்காது.

வார்டுவிளக்கு | பதிவு 13

அவசர ரேடியேஷன்? இரவு ஒன்பது மணிக்குத் தண்டுவட அழுத்தம், 8 கிரே ஒரே ஃபிராக்ஷன். கருவி கிளினிக் மூடியிருக்கும்.

கான்டூர்கோடு | பதிவு 14

நிறுத்தி வைக்கக் கூடாது. கால் செயலிழந்தால் திரும்பாது. 6 எம்வி, பின்புற ஃபீல்டு. நெஞ்சு முதுகெலும்புக்கு ஃபீல்டு அகலம் 8 செ.மீ. என்றால் பெட்டி பெரும்பாலும் விளிம்புக்கு வெளியே 4 முதல் 6 செ.மீ. இருக்கும். 8 கிரேயில் 2, 3 சதவீதம் என்றால் 0.2 கிரே போல. ஈசிஜி மானிட்டர் போட்டு, டிஃபிப்ரிலேட்டரை வாசலில் வைத்துக் கொடுத்துவிடுங்கள். மறுநாள் கருவியைச் சோதியுங்கள். நோயாளியின் கருவி அட்டையை மட்டும் அன்றிரவே படம் எடுத்துக்கொள்ளுங்கள். கம்பெனி, மாடல், வைத்த ஆண்டு அதில் இருக்கும்.

பீம்ஆன் | பதிவு 15

பதிவு 1இல் சொன்ன பிளான் 6 எம்வி விமேட்டுக்கு மாறுகிறது. ஒரு சந்தேகம் பாக்கி. ஐசிடியின் அதிர்ச்சி சிகிச்சையைத் தினமும் அணைத்து வைக்க வேண்டுமா? வீட்டில் ரிமோட் மானிட்டர் பெட்டி இருக்கிறது, அதை வைத்து வாராந்திரச் சோதனையைத் தவிர்க்கலாமா?

ஈசிஜிதாள் | பதிவு 16

புராஸ்டேட்டுக்கு 6 எம்வியில் தினமும் அணைக்க வேண்டிய அவசியம் இல்லை. லினாக்கின் மின்காந்தக் குறுக்கீடு இன்றைய கருவிகளைப் பாதிக்கும் அளவுக்கு இல்லை. கதிர் பெட்டிக்கு மிக அருகே போகும் நோயாளிக்கு மட்டும் பீம் ஓடும் நேரத்தில் நிறுத்தி வைப்பது பொருள் உள்ளது. அவருக்குக் காந்தத்தை டேப் போட்டு ஒட்டுவதே எனக்குப் பிடித்த வழி. எடுத்தவுடன் சிகிச்சை தானாகத் திரும்பிவிடும். புரோகிராமரில் அணைத்தால், திரும்பப் போட யாராவது ஞாபகம் வைத்திருக்க வேண்டும். மறந்தால் அவர் பாதுகாப்பே இல்லாமல் வீட்டுக்குப் போகிறார். புரோகிராமரில்தான் அணைத்தாக வேண்டும் என்றால், திரும்பப் போட்டதற்கான பிரின்ட் அவுட் கையில் வரும் வரை நோயாளி மானிட்டரை விட்டு இறங்கக் கூடாது.

ரிமோட் மானிட்டர் நல்ல துணை. பேட்டரி, லீட் அளவுகள், ரீசெட் எச்சரிக்கை எல்லாம் இரவிலேயே வந்துவிடும். ஆனால் சில ரீசெட்டுகளில் கருவி பேசுவதையே நிறுத்திவிடும். "எச்சரிக்கை வரவில்லை" என்பதும் "தகவலே வரவில்லை" என்பதும் திரையில் ஒன்றுபோலத் தோன்றும். கடைசித் தகவல் வந்த தேதியைப் பாருங்கள். அது இந்த வாரத் தேதியாக இல்லையென்றால் நோயாளியை நேரில் வரச் சொல்லுங்கள்.

சிகிச்சை முடிந்த பிறகு 1, 3, 6 மாதங்களில் சோதனைக்குத் தேதி கொடுத்தே அனுப்புங்கள். பேட்டரி சீக்கிரம் இறங்குவது போன்ற கோளாறு பிறகுதான் தலைகாட்டும். கடைசி ஃபிராக்ஷன் அன்று எழுதிய பேட்டரி வோல்டேஜை முதல் நாள் எண்ணின் பக்கத்திலேயே எழுதுங்கள், அடுத்து பார்ப்பவர் இரண்டு தாளைத் தேடக் கூடாது.